மேலே ஏறியவர்களும் அங்கேயே இருந்தவர்களும்

1972-இல் வந்த ‘தி போசைடன் அட்வெஞ்சர்’ படத்தை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கு இல்லை. அதன் தொடர்ச்சியாக 1979-இல் வந்த ‘பியாண்ட் தி போசைடன் அட்வெஞ்சர்’ படத்தை ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன், அதுவும் போன மாதம். முதல் ராத்திரி பழைய படம், மறுநாள் ராத்திரி இது என்று மகளோடு உட்கார்ந்தேன். அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, அவள் கேட்டாள்: “அப்பா, வேற யாருமே பிழைக்கலன்னு நேத்து சொன்னாங்களே. இவங்கல்லாம் எங்க இருந்து வந்தாங்க?”

“அடுத்த படம் எடுக்கணும்ல, அதான்” என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை.

முதல் படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். புத்தாண்டு இரவு. விருந்து நடந்துகொண்டிருக்கும்போது பேரலை அடித்துக் கப்பல் தலைகீழாகக் கவிழ்கிறது. கூரை தரையாகிவிடுகிறது. உதவி வரும்வரை எல்லோரும் இங்கேயே இருங்கள் என்கிறார் கப்பலின் அதிகாரி ஒருவர். ஸ்காட் என்ற பாதிரியார் (ஜீன் ஹாக்மன்) இதை ஒப்புக்கொள்வதில்லை. கப்பலின் அடிப்பாகம் இப்போது மேலே இருக்கிறது, ஆகவே மேலே ஏற வேண்டும் என்கிறார். கடவுள் கைகொடுப்பார் என்று காத்திருப்பது அவருக்குப் பிடிக்காது. முயற்சி செய்கிறவனைத்தான் கடவுளுக்குப் பிடிக்கும் என்பது அவர் கட்சி. பெரிய கிறிஸ்துமஸ் மரத்தைச் சாய்த்து அதையே ஏணியாக்கிச் சிலர் அவரோடு ஏறுகிறார்கள். ஏறி முடித்த கொஞ்ச நேரத்தில் கடல் உள்ளே புகுகிறது. கீழே இருந்தவர்கள் அவ்வளவுதான். கடைசியில் ஆறு பேர் பிழைக்கிறார்கள். ஸ்காட் அந்த ஆறில் இல்லை.

ஸ்காட் சொன்னது சரி என்று நமக்கு எப்போது தெரிகிறது? தண்ணீர் உள்ளே வரும்போதுதான். அதற்கு ஒரு நிமிஷம் முன்புவரை அவர் பிடிவாதக்காரர், அவ்வளவே. அந்த அதிகாரி சொன்னதிலும் தப்பில்லை. அடிபட்டவர்களை வைத்துக்கொண்டு, இருட்டில், எங்கே போகிறோம் என்றே தெரியாமல் கிளம்புவதைவிட ஒரே இடத்தில் இருப்பது மேல் என்று எந்தப் பொறுப்பான ஆளும் சொல்வார். இயக்குநர் ரொனால்ட் நீம் வெள்ளத்தை விட்டுத்தான் தீர்ப்பு எழுதுகிறார்.

பால் காலிகோ 1969-இல் எழுதிய மூல நாவலின் முடிவு வேறு. அத்தனை பாடுபட்டு வெளியே வந்தவர்கள், கப்பலின் முன்பக்கத்திலிருந்து இன்னொரு கூட்டமும் மீட்கப்பட்டிருப்பதைப் பார்க்கிறார்கள். அது இவர்களைவிடப் பெரிய கூட்டம், பலர் விருந்துக்குப் போட்ட உடையிலேயே நிற்கிறார்கள். படத்திலும் முன்பக்கம் நோக்கிப் போகிற ஒரு கூட்டம் எதிரே வரும், ஸ்காட் அவர்களோடு சண்டை போடுவார். அந்தப் பக்கம் போனவர்களில் யாரும் மிஞ்சவில்லை என்று படம் முடித்துவிடுகிறது. அதே கப்பல், அதே மனிதர், அதே பிடிவாதம். கதாசிரியர் முடிவை மாற்றினால் தலைவன் முட்டாளாகிறான்.

தத்துவத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு. பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் 1976-இல் ‘அற அதிர்ஷ்டம்’ என்ற தலைப்பில் எழுதினார்கள். கவனமில்லாமல் லாரி ஓட்டுகிற இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவன் முன்னால் குழந்தை குறுக்கே ஓடுகிறது, இன்னொருவனுக்கு அப்படி யாரும் வரவில்லை. இருவர் செய்த தப்பும் ஒன்றுதான், ஆனால் நாம் ஒருவனை மட்டும்தான் கொலைகாரனைப் போலப் பார்க்கிறோம். அது நியாயமா என்று கேட்டால் இல்லை என்போம், ஆனாலும் அப்படிப் பார்ப்பதை நிறுத்த மாட்டோம்.

தொடர்ச்சிப் படத்துக்கு இது ஒரு பொன்னான வாய்ப்பு. முதல் படத்தின் தயாரிப்பாளர் இர்வின் ஆலன் இதைத் தானே இயக்கினார். புயலில் சரக்கை இழந்து கடனில் நிற்கும் இழுவைப் படகுக்காரன் (மைக்கேல் கெய்ன்), ஆறு பேரைத் தூக்கிக்கொண்டு ஹெலிகாப்டர் போவதைப் பார்த்து, கவிழ்ந்த கப்பலில் ஏதாவது தேறும் என்று உள்ளே இறங்குகிறான். டாக்டர் என்று சொல்லிக்கொண்டு இன்னொருவன் (டெலி சவாலஸ்) ஆட்களோடு வருகிறான், அவனுக்கு வேண்டியது புளூட்டோனியம். உள்ளே உயிரோடு ஆட்கள் இருக்கிறார்கள். ஸ்காட் இல்லாமல், பிரசங்கம் கேட்காமல் பிழைத்தவர்கள்! முதல் படத்தின் தீர்ப்பே ஆடிப்போக வேண்டிய இடம் இது. ஆலன் அதைக் கவனிக்கவே இல்லை. வந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு துப்பாக்கிச் சண்டைக்குப் போய்விடுகிறார்.

கடல் மீட்புச் சட்டத்தில் பழைய விதி ஒன்று இருக்கிறது: காப்பாற்றினால்தான் கூலி. எவ்வளவு உழைத்திருந்தாலும் கப்பல் மூழ்கிவிட்டால் ஒன்றும் கிடையாது. அதிர்ஷ்டத்தை அப்படியே விதியாக எழுதி வைத்திருக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு: உயிர் பிழைத்தவர் அதற்காகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. 1989-இன் சர்வதேச ஒப்பந்தமும் இதைச் சொல்கிறது. கூலி பொருளுக்கு, உயிருக்கு அல்ல. தங்கத்துக்காக இறங்கியவன் கையில் மனிதர்கள் வந்து சேர்ந்தால் என்ன செய்வான்? மொத்தப் படமும் இந்தக் கேள்வியில் நின்றிருக்கலாம். கெய்னின் முகத்தில் ஓரிரு இடங்களில் அது வந்து போகிறது, அவ்வளவுதான்.

முதல் படத்திலும் எனக்கு இப்போது ஒரு சங்கடம் இருக்கிறது. கீழே இருந்துவிட்டவர்களை அது கோழைகள்போலக் காட்டுகிறது. 2014 ஏப்ரலில் தென் கொரியாவின் செவோல் கப்பல் சாய்ந்தபோது, இருக்கிற இடத்திலேயே இருங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 304 பேர் செத்துப்போனார்கள், அவர்களில் 250 பேர் சுற்றுலா போன பள்ளி மாணவர்கள். அவர்கள் பலவீனமானவர்களா? பெரியவர்கள் சொன்னதைக் கேட்ட பிள்ளைகள். கேப்டனோ முதலில் தப்பியவர்களில் ஒருவர். அந்தச் செய்தியைப் படித்த பிறகு கிறிஸ்துமஸ் மரக் காட்சியை முன்போலக் கைதட்டிப் பார்க்க முடியவில்லை.

அந்தக் காட்சியில் இன்னொரு பாதிரியாரும் இருக்கிறார். வயதானவர், கப்பலிலேயே ஊழியம் செய்பவர். ஸ்காட் அவரைக் கூப்பிடுகிறார். அவர் வர மறுக்கிறார். இந்த ஜனங்களைத் தன்னால் காப்பாற்ற முடியாது என்று அவருக்குத் தெரியும், ஆனால் விட்டுவிட்டும் போக முடியாது. இருப்பது என்று இவர்களாகத்தானே முடிவு செய்தார்கள், நீங்கள் ஏன் சாக வேண்டும் என்று ஸ்காட் கேட்கிறார். அவரிடம் வாதம் எதுவும் இல்லை. நின்றுவிடுகிறார்.

தண்ணீர் வந்து ஸ்காட்டைச் சரியாக்கியது. இந்தக் கிழவரை அதால் தப்பாக்க முடியவில்லை. தண்ணீர் வராமல் இருந்திருந்தாலும் அவர் செய்தது இதே மதிப்புதான். நேகலின் லாரி இவர்மேல் ஏறாது.

மகளிடம் இதைச் சொன்னேன். “அப்போ நீ யாரோட போவப்பா?” என்றாள்.

“உன்னை ஏத்தி விட்டுட்டு யோசிப்பேன்” என்றேன்.

“அது பதில் இல்ல” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள்.