வரையாடு ஈனும் காலம்



பிள்ளைகளையும் உடைமைகளையும் பறிகொடுத்து, உடலெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்திருக்கிறார் யோபு. எனக்கு ஏன் இப்படி நேர்ந்தது என்று கடவுளிடம் வழக்காடுகிறார். அதற்குக் கடவுள் காரணம் எதுவும் சொல்லவில்லை. மலையாடுகள் எந்தக் காலத்தில் ஈனும் என்று தெரியுமா என யோபுவையே கேட்கிறார். யோபு நூலின் 39ஆம் அதிகாரத்தை வீட்டில் பொறுமையாக வாசித்துப் பாருங்கள். துன்பத்தில் கிடப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று சிலருக்குத் தோன்றலாம்.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வரையாடு இருக்கிறது. முக்குர்த்தியிலும் ஆனைமலையிலும் அது பெரும்பாலும் சனவரி, பிப்ரவரி மாதங்களில்தான் ஈனும். பருவமழையில் இணைசேர்ந்து, ஏறக்குறைய ஆறு மாதம் சுமந்து, சிறுத்தை எளிதில் எட்ட முடியாத பாறைப் பக்கம் போய்த் தாய் குட்டி போடும். வழக்கமாக ஒரே குட்டிதான். மந்தை படுத்து அசைபோடும்போது பெட்டை ஒன்று மட்டும் படுக்காமல் சரிவைப் பார்த்தபடி நிற்கும். ஆபத்தென்றால் சீழ்க்கையடிப்பதுபோல் ஓர் ஒலி. மறுநொடி மந்தை முழுவதும் பாறையில் இருக்கும்.

குளிரிலும் மூடுபனியிலும் காத்திருந்து கண்டவர்களால்தான் இதெல்லாம் நமக்குத் தெரிகிறது. 1975இல் இ.ஆர்.சி. டேவிதார் வரையாடுகளைப் பற்றிய முன்னோடி ஆய்வை மேற்கொண்டார். அவர் நினைவாக அக்டோபர் 7ஆம் நாளைத் தமிழ்நாடு அரசு வரையாடு நாளாக அறிவித்திருக்கிறது. அவர் செய்ததும் ஒருவகை வழிபாடு என்றே நான் நம்புகிறேன். மனிதர் ஒருவரும் எட்டிப்பார்க்காத பாறையில் வேதனைப்படும் ஆட்டின் நாளும் நேரமும் ஆண்டவருக்குத் தெரியும். அப்படியானால் சாம்பலில் இருக்கும் யோபு அவர் கண்ணுக்குத் தப்பியிருப்பாரா? யோபுவுக்குக் கிடைத்த ஆறுதல் அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது.

நாமோ அந்த மலையைச் சரியாகப் பார்க்கவில்லை. உச்சிப் புல்வெளியைத் தரிசு என்று நினைத்துச் சீகையும் பைனும் நட்டுவிட்டோம். உறைபனி விழும் இரவில் சோலைமரக் கன்றுகள் வெட்டவெளியில் கருகிப்போகும், புல் தாங்கிக்கொள்ளும். அந்தப் புல்தான் மழையை வாங்கி வைத்து ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக விடுகிறது. பவானி ஆறு பிறப்பது அப்படிப்பட்ட நிலத்தில்தான். சீகை பரவிய இடத்தில் புல்லும் போயிற்று, வரையாட்டின் மேய்ச்சலும் போயிற்று. இது நாம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய குற்றம்.

2024இல் எடுத்த கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் இருந்தன. செங்குத்தான பாறைகளில் ஏறி அவற்றை எண்ணியவர்களில் வனக்காப்பாளர்களும் வேட்டைத் தடுப்புக் காவலர்களும் உண்டு. இன்றைய விசுவாசிகள் மன்றாட்டில் அவர்களுக்காகவும், இந்த வாரம் மகப்பேறுக்காகக் காத்திருக்கும் நம் பங்குத் தாய்மார்களுக்காகவும் மன்றாடுவோம். எழுந்து நின்று நம்பிக்கை அறிக்கை சொல்வோம்.