காத்தவனுக்குக் கால் பங்கா?

காட்டை அழித்தவன் காட்டோரத்து ஏழையே என்று கை நீட்டுவோர் உளர். அவன் கையில் கோடரி இருந்தது மெய்தான். ஆனால், தனக்கு உரிமையில்லாத பொருளை எவன் காப்பான்?

மேற்கு வங்கத்து மிதினாப்பூர்ப் பகுதியில் அரபாரி என்றொரு காடு. முதலில் ஜமீனுக்குச் சொந்தம், பின்னர் சர்க்காருக்கு, மக்களுக்கோ என்றும் இல்லை! விறகுக்கென வெட்டி வெட்டி, சால மரக்காடு புதராய்க் கிடந்தது. 1970களின் தொடக்கத்தில், வன அதிகாரி அஜித் குமார் பானர்ஜி 11 சிற்றூர் மக்களை அழைத்து, காட்டைக் காத்தால் வேலையும், வெட்டுமரத்தின் வருவாயில் 25 விழுக்காடும் உண்டென உறுதி கூறினார். கோடரி ஓய்ந்தது. மண்ணுக்கடியில் உயிரோடிருந்த வேர்கள் துளிர்த்தன, காடு எழுந்தது! நேற்றுவரை திருடன் எனப்பட்டவன் காவலனானான். அவன் குணமா மாறியது? நிலைமை மாறியது!

எனினும் தோழர்களே, பகுத்தறிவு இத்துடன் அமைதியுறலாமா? காத்தவனுக்குக் கால் பங்கென்றால், முக்கால் யாருக்கு? அந்தக் காலும் அதிகாரியின் நல்லெண்ணத்தால் வந்தது. நல்லெண்ணம் வற்றினால் போய்விடுமே! 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், வழிவழியாய்த் தாம் பேணிய காட்டைக் காக்கவும் மீட்கவும் காட்டுவாழ் மக்களுக்கு உரிமை உண்டென்கிறது. ஏட்டிலுள்ள அவ்வுரிமை நாட்டில் நடக்க வேண்டும். கன்று நடுவது எளிது. உரிமையை ஊன்றுவதே அரிது. சலுகை கேட்போர் காட்டின் கூலிகள். உரிமை பெற்றோரே அதன் காவலர்!