காப்பும் மீட்பும்

தமிழில் 'காப்பு' என்னும் சொல்லுக்குப் பொருள் பல. குழந்தையின் கையில் அணிவிப்பது காப்பு. விழா தொடங்குமுன் கட்டிக்கொள்வதும் காப்பு. நூலின் முகப்பில் புலவர் பாடும் வணக்கச் செய்யுளும் காப்பு. அருமையான ஒன்று அழிந்துவிடக் கூடாதே என்ற கவலை இவை அனைத்திலும் அடங்கியிருக்கிறது. 'மீட்பு' என்னும் சொல்லோ வேறொரு நிலையைச் சுட்டுகிறது. அடகு வைத்த நகையை மீட்கிறோம். வெள்ளத்தில் சிக்கியவரை மீட்கிறோம். கிறிஸ்தவர்களாகிய நமக்கோ இது நம் விசுவாசத்தின் நடுநாயகமான சொல்.

இன்று இவ்விரு சொற்களும் ஒலிப்பதிவுக் கூடத்தில் புதுப்பொருள் பெற்றுள்ளன. பதிவு செய்த பாடலுக்குக் காப்புப்பிரதி எடுத்தல் ஒரு வேலை; மூலம் பழுதானால் அப்பிரதியிலிருந்து பாடலை மீட்டெடுத்தல் மற்றொரு வேலை. கருவி அறிந்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று இதனை நாம் ஒதுக்கிவிடலாம். ஆயினும் பிறருடைய குரலை வாங்கி நம்மிடம் வைத்திருக்கும்போது, அதைக் காப்பது திறமையைச் சார்ந்ததா, நேர்மையைச் சார்ந்ததா? இவ்வினாவைச் சற்றே சிந்திப்போம்.

இச்சிந்தனைக்குக் குரோம்பேட்டை பொருத்தமான ஊர். முன்னாளில் அங்கு இயங்கிய குரோம் தோல் தொழிற்சாலையே அதன் பெயருக்குக் காரணம். பச்சைத் தோல் சில நாள்களில் அழுகிவிடும். குரோமிய உப்புகளால் பதனிட்டால் ஆண்டுக்கணக்கில் நிலைக்கும். அழியக்கூடியதை நிலைக்கச் செய்யும் தொழிலின் பெயரையே அவ்வூர் தாங்கி நிற்கிறது. 1949-ஆம் ஆண்டில் சி. இராஜம் நிறுவிய எம்.ஐ.டி. எனும் தொழில்நுட்பக் கல்லூரியும் அங்கேதான் உள்ளது. கணினியைப் பற்றி எளிய தமிழில் எழுதிப் பலருக்கும் அறிமுகம் செய்த எழுத்தாளர் சுஜாதா மின்னணுவியல் பயின்றது அக்கல்லூரியில்தான்.

பல தடங்களில் ஒலியைப் பதியும் கருவி ஒரு காலத்தில் பெரிய திரைப்படக் கூடங்களுக்கே உரியதாயிருந்தது. 1979-இல் டாஸ்காம் நிறுவனம் சாதாரண ஒலிநாடாப் பேழையில் நான்கு தடங்களைப் பதியும் சிறு கருவியை வெளியிட்டது. 1991-இல் அலெசிஸ் நிறுவனம் அறிமுகம் செய்த 'ஏடாட்' கருவி, வீடியோ நாடாவில் எட்டுத் தடங்களை எண்முறையில் பதிந்தது. 1996-இல் ரோலண்டு நிறுவனத்தின் வி.எஸ்.-880 வந்தபோது நாடாவுக்குப் பதிலாக வன்தட்டே பதிவேடாயிற்று. அதன்பின் விரல்நகம் அளவுள்ள நினைவக அட்டை வந்தது. இவ்வாறு விலையும் அளவும் குறையக் குறைய, ஓர் ஆலயத்தின் பாடகர் குழுவே கிறிஸ்து பிறப்பு விழாப் பாடல்களையும் தவக்காலப் பாடல்களையும் தானே பதிந்துகொள்ளும் வாய்ப்பு உண்டாயிற்று.

இக்கருவியில் ஒரு பாடல் என்பது ஒற்றைப் பொருளன்று. ஆர்மோனியம் ஒரு தடத்தில், தபேலா ஒரு தடத்தில், தனிக்குரல் ஒரு தடத்தில், பெண்கள் குழுவும் ஆண்கள் குழுவும் வேறு தடங்களில் எனத் தனித்தனியே நிற்கும். எல்லாவற்றையும் உரிய அளவில் கலந்து எடுக்கும் இறுதி வடிவமே நாம் கேட்கும் பாடல். குழம்பு கொதித்து இறங்கிய பின் புளியைத் தனியே பிரித்தெடுக்க முடிவதில்லை. அதுபோலவே, கலந்து முடித்த பாடலிலிருந்து ஒரு குரலை மட்டும் அதன் இயல்பு கெடாமல் வெளியே எடுப்பது அரிது. அண்மையில் வந்துள்ள கணினி நுட்பங்கள் ஓரளவு பிரித்துக் காட்டினாலும் அது மூலத்திற்கு ஈடாகாது. ஆதலால் இறுதி வடிவத்தை மட்டும் குறுந்தட்டில் வைத்துக்கொண்டு, பாடலைக் காத்துவிட்டோம் என்று மனநிறைவு கொள்வது சரியன்று. தடங்கள் அனைத்தும் அடங்கிய முழுத் தொகுப்பையே காக்க வேண்டும்.

அதற்கு இடம் வேண்டும். குறுந்தட்டின் தரத்தில் ஒரு தடம் ஒரு நிமிடத்திற்கு ஏறத்தாழ 5.3 மெகாபைட்டு கொள்ளும். எட்டுத் தடங்கள் கொண்ட ஐந்து நிமிடப் பாடலுக்குச் சுமார் 212 மெகாபைட்டு ஆகும். 1990-களில் பரவலாயிருந்த 100 மெகாபைட்டு ஜிப் வட்டு ஒன்றில் அப்பாடல் முழுமையாக அடங்காது. இடமின்மையால் பழையதை அழித்துப் புதியதைப் பதிந்தவர்கள் பலர். இன்று அந்தத் தடை நீங்கிவிட்டது. சிறு அட்டை ஒன்றில் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் அடங்குகின்றன. ஆனால் அந்த ஓர் அட்டை பழுதானால் அத்தனை பாடல்களும் ஒரே நொடியில் மறைகின்றன.

எனவே காப்புப்பிரதி எடுக்க வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. எதைப் பிரதி என்று கொள்வது என்பதில்தான் தடுமாற்றம் நேர்கிறது. சில கருவிகளில் அட்டை இரு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பகுதி கருவிக்கு மட்டுமே உரியது. மற்றது கணினிக்குத் தெரிவது. 'காப்புப்பிரதி எடு' என்று கட்டளையிட்டதும், பாடல் முதற்பகுதியிலிருந்து இரண்டாம் பகுதிக்குப் படியெடுக்கப்படும். திரையில் 'முடிந்தது' என்ற சொல் தோன்றும். உண்மையில் பணி பாதியே முடிந்திருக்கிறது. இரண்டு பிரதிகளும் ஒரே அட்டையில் அல்லவா இருக்கின்றன! அங்கிருந்து கணினிக்கும், கணினியிலிருந்து வேறொரு வன்தட்டிற்கும் மாற்றிய பிறகே அது காப்பு எனத் தகும்.

பீட்டர் குரோ என்னும் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பரப்பிய விதி ஒன்று உண்டு: பிரதிகள் மூன்று, அவை இருவகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில். இம்மூன்றாவது நிபந்தனையின் அருமையைத் தென்சென்னை மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பர் முதல் நாளிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. மூலமும் பிரதியும் ஒரே வீட்டின் ஒரே அலமாரியில் இருந்தால், வெள்ளம் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும்.

நம் திருச்சபை வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. 1578-இல் கொல்லத்தில் ஆண்ட்ரிக் அடிகளார் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்', இந்திய மொழியொன்றின் எழுத்தில் அச்சேறிய முதல் நூல் என்று போற்றப்படுகிறது. பதினாறே பக்கங்கள் கொண்ட அந்நூலின் பிரதி நம் மண்ணில் நமக்குக் கிட்டவில்லை. அறியப்பட்ட ஒரே பிரதி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. கடல் கடந்து சென்ற பிரதியே எஞ்சி நின்றது.

இதுவரை கூறியது காப்பு. இனி மீட்பைப் பார்ப்போம்.

'டாய் ஸ்டோரி 2' என்னும் அமெரிக்கக் கார்ட்டூன் திரைப்படம் 1999-இல் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டில், அதன் கோப்புகள் இருந்த கணினியில் யாரோ ஒருவர் தவறாக இட்ட அழிப்புக் கட்டளையால் படத்தின் பெரும்பகுதி மறைந்தது. காப்புப்பிரதிகள் உள்ளனவே என்று எல்லாரும் தேறினர். ஆனால் அவற்றைத் திறந்தபோதுதான், பல நாள்களாகவே அவை சரிவரப் பதிவாகவில்லை என்பது தெரியவந்தது. பிரதி எடுக்கும் வேலை ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. எடுத்ததைத் திறந்து பார்த்தவர் ஒருவருமில்லை. கைக்குழந்தையின் பொருட்டு வீட்டிலிருந்தே பணிபுரிந்த கேலின் சுஸ்மன் என்னும் தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கணினியில் இருந்த பிரதியே அப்படத்தை மீட்டது.

இந்நிகழ்ச்சியைப் படிக்கையில் மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தில் வரும் தாலந்து உவமை நினைவுக்கு வராமல் இராது. நிலத்தைத் தோண்டித் தாலந்தைப் புதைத்த பணியாளன் திருடனல்லன். தலைவரின் பணத்தில் ஒரு காசும் அவன் செலவிடவில்லை. பெற்றதைப் பெற்றபடியே திருப்பியும் தந்தான். ஆயினும் கண்டிக்கப்பட்டான். பெற்றதைப் பயன்படாமல் மூடி வைத்ததே அவன் குற்றம். திறந்தே பார்க்காத காப்புப்பிரதியின் நிலை அவனுடைய நிலையினும் தாழ்ந்தது. அவனிடமாவது தாலந்து இருந்தது. நம்முடைய பேழையிலோ ஏதேனும் இருக்கிறதா என்றே நமக்குத் தெரியாது. அடகுச் சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பது நகையை மீட்டதாகாது.

நிறைவாகப் பதிவான பிரதியும் காலத்திற்குக் கட்டுப்பட்டதே. ஒலிநாடாவின் பசை கடற்கரை ஊர்களின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். குறுந்தட்டின் சாயம் மங்கும். மின்னூட்டம் பெறாமல் பல ஆண்டுகள் கிடக்கும் நினைவக அட்டையை நம்பியிருப்பதும் அறிவுடைமையன்று. சாதனம் நன்றாக இருந்தாலும், அதைப் படிக்கும் கருவி கடைகளில் கிடைக்காமற் போகலாம். ஒரு நிறுவனத்தின் கருவி தனக்கே உரிய முறையில் கட்டிவைத்த தொகுப்பைப் பிற நிறுவனத்தின் கருவி திறவாது. ஆதலால் ஒவ்வொரு தடத்தையும் 'வேவ்' போன்ற பொதுவான கோப்பு வடிவிலும் தனியே எடுத்துவைப்பது நலம்.

இதுவும் நம் முன்னோர் அறிந்ததே. ஓலைச்சுவடி நம் நாட்டு வெப்பத்திலும் செல்லரிப்பிலும் நெடுங்காலம் நில்லாது. எனவே தலைமுறைதோறும் புதிய ஓலையில் படியெடுத்தார்கள். படியெடுப்பார் இல்லாத சுவடிகள் மறைந்தன. உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராய் அலைந்து சுவடிகளைத் திரட்டி, ஒப்புநோக்கி, 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். அந்த உழைப்பின் பயனாகவே அது இன்று நம் கைகளில் இருக்கிறது. அவருக்கு முன் பெயர் தெரியாத எத்தனையோ பேர் அதனைப் படியெடுத்துப் படியெடுத்துக் காத்திருக்கிறார்கள்.

மீட்டெடுத்தலில் மற்றோர் இடரும் உண்டு. பழைய பிரதியை அதே பெயரில் கருவிக்குள் கொண்டுவந்தால், அதன்பின் செய்த திருத்தங்கள் அழிந்துபோகலாம். சென்ற மாதத்துப் பாடலை மீட்கப் போய், நேற்று ஒருவர் பாடிச் சேர்த்த குரலை இழக்க நேரும். எனவே மீட்பவர் முதலில் இப்போதுள்ளதற்குப் பிரதி எடுத்துவிட்டு, பழையதை வேறு பெயரில் திறக்க வேண்டும். முந்தியது நன்றாயிருந்தது என்ற ஏக்கத்தில் பிந்தியதை மிதித்துவிடக் கூடாது. குடும்பங்களிலும் இது நிகழ்கிறது. உறவைச் சீராக்க விழைபவர் சிலர், இடையில் கழிந்த ஆண்டுகள் இல்லாதவைபோல நடந்துகொள்கின்றனர். கருவியில் காலத்தைப் பின்னோக்கித் திருப்பலாம். மனிதரிடையே அது நடவாது. அங்கே நடந்தவற்றையும் ஏற்றுக்கொண்டுதான் மீட்பு நிகழ வேண்டும்.

அப்படியானால் எல்லாவற்றையும் காக்க வேண்டுமா? சுருதி தவறிய முயற்சிகளும், இடையே நழுவிய பேச்சுகளும், அழுகையும் சிரிப்பும் தடங்களில் பதிந்திருக்கும். அவற்றைப் பாடியவரின் ஒப்புதலின்றிப் பிறர் கேட்க வைத்திருப்பது அன்பன்று. காப்பவர் உரிமையாளர் அல்லர்; பிறர் ஒப்படைத்ததைக் கையில் வைத்திருப்பவர் மட்டுமே. எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்பதைப் பாடியவரிடமே கேட்பது முறை.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இதில் இருக்கிறது. ஊதியம் எதுவும் பெறாமல், வேலை முடிந்து வந்த களைப்போடு ஒத்திகைக்கு நின்று பாடியவர்கள் தங்கள் குரலை ஒரு நம்பிக்கையில் ஒப்படைத்தார்கள். அவர்களுள் சிலர் இன்று கல்லறைத் தோட்டத்தில் துயில்கின்றனர். அவர்களின் பிள்ளைகள் ஒருநாள் வந்து, "என் அம்மாவின் குரலை மட்டும் கேட்க முடியுமா?" என்று கேட்கலாம். கேட்கும்போது எடுத்துத் தர இயலும் நிலையில் வைத்திருந்தால்தான் நாம் காத்தோம் என்பது பொருள். இயலாவிடின், எத்தனை பெட்டிகளில் எத்தனை தட்டுகளை அடுக்கியிருந்தாலும் ஒப்படைத்த நம்பிக்கைக்கு நாம் கடன்பட்டவர்களே.

ஆகவே பாடகர் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்குங்கள். பழைய பிரதிகளுள் ஏதேனும் ஒன்றை எடுத்துக் கருவியில் மீட்டெடுத்து, ஒவ்வொரு தடமாக முதலிலிருந்து இறுதிவரை கேளுங்கள். பாடியவர்களின் பெயர்களையும் பதிந்த நாளையும் ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். பழுது தென்பட்டால் மற்றப் பிரதியிலிருந்து அன்றே புதிதாகப் படியெடுங்கள். மற்றொரு பிரதியை வேறோர் ஊரில் வாழும் நண்பர் வீட்டில் சேர்ப்பியுங்கள். நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றச் செல்லும்போது, அங்குத் துயில்வோர் நம்மிடம் விட்டுச்சென்றது பழுதின்றி இருக்கிறது என்பதை நீங்கள் உறுதியாக அறிந்திருப்பீர்கள்.