குமிழி பிறக்கும் இடம்

அடுப்பில் வைத்த நீர் கொதிப்பதற்கு வெகு முன்பே பாத்திரத்தின் அடியில் சிறு குமிழிகள் முத்துக்களைப்போல் ஒட்டி நிற்கும். நீரில் கரைந்திருந்த காற்று, சூடு ஏற ஏறக் கரைந்திருக்க இயலாமல் வெளிப்படுகிறது. கூர்ந்து நோக்கினால் ஒன்று புலப்படும்: குமிழி எல்லா இடத்திலும் பிறப்பதில்லை; சில புள்ளிகளிலிருந்தே மீண்டும் மீண்டும் எழுகிறது.

நிலையாமைக்கு உவமையாகச் சான்றோர் நீர்க்குமிழியைக் காட்டினர். அது உடைவதைப் போலவே, பிறக்கும் விதமும் சாதகனின் சிந்தனைக்குரியது.

தூய நீரின் நடுவே, பற்றுக்கோடின்றி ஒரு குமிழி தோன்றுவது மிகக் கடினம். நீரின் பரப்பு இழுவிசை அதை நசுக்கிவிடும். ஆரம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ள குமிழியின்மீது அவ்விசை ஏறத்தாழ 1.4 வளிமண்டல அழுத்தத்தைக் கூடுதலாகச் செலுத்துகிறது. அதனினும் 100 மடங்கு சிறியதன்மீது ஏறத்தாழ 140. ஆயின் குமிழி எவ்வாறு பிறக்கிறது? பாத்திரத்தின் நுண்ணிய கீறல்களில் துளிக் காற்று சிக்கியிருக்கிறது. அதுவே வித்து. கரைந்த வாயு அதனுடன் சேரச் சேர அது பருத்து, பிடி விட்டு மேலே செல்கிறது. முழுவதும் செல்வதில்லை, சிறிதளவு வாயுவைக் கீறலிலேயே விட்டுச் செல்கிறது. அடுத்த குமிழிக்கு அது வித்தாகிறது. ஒரு முறை எழுந்து அடங்கிய கோபம் தன் சம்ஸ்காரத்தை மனத்தில் விட்டுச் செல்வதும் இப்படித்தான்.

எலுமிச்சை சோடாவில் உப்பிட்டால் பொங்குகிறது. உப்பின் இரசாயனச் செயல் என்று பலர் எண்ணுவர். உண்மையில் துகள்களின் கரடுமுரடான பரப்பும் அவை ஏந்திவரும் காற்றுமே பெரும்பாலும் காரணம். மணலை இட்டாலும் பொங்கும். வாயு சோடாவில் முன்பே நிறைந்திருந்தது. "அவர் சொன்ன சொல்லால் எனக்குக் கோபம் வந்தது" என்பவர் உப்பின்மீது பழி போடுகிறார்.

இதனினும் ஆபத்தானது அமைதியாகத் தோன்றும் நீர். வழவழப்பான கோப்பையில் மைக்ரோவேவ் அடுப்பில் சூடேற்றிய நீர், 100 பாகையைக் கடந்தும் சில வேளை அசைவற்று நிற்கும். கரண்டியை இட்டதும் சீறியெழுந்து கையைச் சுட்டுவிடும். பல மாதம் மௌனம் காத்தவர், உணவு பரிமாறும் வேளையில் ஓர் அற்பக் காரணத்துக்கு வெடிப்பதுண்டு. அதைக் கண்டு பிறரைவிட அவரே அதிகம் திகைப்பார். பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தில் கிலேசங்களின் நான்கு நிலைகளைக் கூறுகையில், உறங்கும் நிலையை முதலில் வைத்தார்.

ஆய்வுக்கூடங்களில் இதனைத் தவிர்க்கக் குடுவையில் நுண்துளை நிறைந்த சிறு கற்களை இடுவர். நீர் சிறிது சிறிதாக, சீராகக் கொதிக்கும். ஆனால் அவற்றைச் சூடேற்றுமுன் இட வேண்டும். கொதிநிலை கடந்தபின் இட்டால் அக்கற்களாலேயே நீர் பொங்கிச் சிதறும். நாள்தோறும் செய்யும் ஆத்ம பரிசோதனையும், குருவிடம் ஒளிவின்றி மனத்தைத் திறப்பதும் அத்தகையவை. புயல் மூண்டபின் அவற்றைத் தேடுவோரே மிகுதி.

கீறலே இல்லாத பாத்திரம் கிடைப்பது அரிது, தேடவும் வேண்டியதில்லை. நன்கு கொதிக்கவைத்து, மூடி ஆறவைத்த நீரில் கரைந்த காற்று பெரும்பாலும் நீங்கியிருக்கும். அதைக் கீறல் விழுந்த பழைய குவளையில் ஊற்றினாலும் குமிழிகள் எழுவதில்லை. அதுமட்டுமன்று: வாயு நீங்கிய அந்நீர், கீறல்களில் ஒளிந்திருந்த துளிக் காற்றையும் மெல்ல மெல்லத் தன்னுள் கரைத்துக்கொள்கிறது.