குழந்தையிடம் பொய் ஆகுமா?

நோயுற்ற பெரியவரிடம் நோயின் கடுமையை மறைக்கலாமா என்று நம்மிடையே பேச்சு எழுவதுண்டு. குழந்தையிடம் மறைப்பதைப் பற்றி எவரும் கேட்பதில்லை. ‘கடைக்குப் போகிறோம்’, ‘ஊசி வலிக்கவே வலிக்காது’ என்று சொல்லித்தான் நம் பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்கிறோம். ஒருநாள் காய்ச்சலுக்கு இது பெரிதாகத் தெரியாது. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கு நடக்கவேண்டிய பிள்ளைக்கு?

கண்ணில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். விழித்திரையில் தோன்றும் இந்நோய் பெரும்பாலும் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளையே பிடிக்கிறது. 15,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருவதாகக் கணக்கு. கண்மணி பூனைக் கண்போல் வெள்ளையாய் மின்னும்; சில பிள்ளைகளுக்கு மாறுகண் விழும். தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இராது. ஆகவே கண்ணேறு என்று ஓதிப் பார்த்து நாளைக் கடத்திவிடுகிறோம். (ஓதிப் பார்ப்பதை நாம் குறை சொல்லவில்லை, ஓதிக்கொண்டே பஸ் ஏறலாம்.) காலத்தோடு வைத்தியம் பார்த்தால் பெரும்பாலான பிள்ளைகள் பிழைத்துவிடுகின்றன. தாமதித்தால் நோய் கண் நரம்பு வழியே மூளைக்கு ஏறும். கட்டி பெருத்துவிட்ட பிள்ளையின் உயிரைக் காக்கக் கண்ணையே எடுக்கவேண்டி வரும். அதற்குச் சம்மதிக்க அஞ்சி ஊர் திரும்பிய பெற்றோர், பின்னர் பிள்ளையையே இழந்ததும் உண்டு.

இந்த வைத்தியம் ஒருநாளில் முடிவதன்று. சில வாரங்களுக்கு ஒருமுறை மயக்கம் கொடுத்துக் கண்ணைச் சோதிப்பார்கள். நரம்பில் மருந்து ஏற்றுவார்கள். முதல் தடவை ‘வலிக்காது’ என்ற சொல்லை நம்பிப் பிள்ளை கையை நீட்டும். இரண்டாம் தடவை ஆஸ்பத்திரி வாசலைக் கண்டதுமே அலறும். மூன்றாம் தடவை, உம்மா உண்மையாகவே கடைக்குப் புறப்பட்டாலும் அது நம்பாது. ஊசியின் வலி சற்று நேரத்தில் அடங்கிவிடும். உம்மாவின் சொல் மீது போன நம்பிக்கை அவ்வளவு எளிதில் திரும்பி வருமா?

அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் சிறுவராயிருந்தபோது, ஏதோ தருவதாகச் சொல்லி அவர்களின் தாயார் அழைத்தார்கள். அங்கே அமர்ந்திருந்த பெருமானார் (ஸல்) அவர்கள், என்ன கொடுக்கப் போகிறீர் என்று வினவினார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாயார். ஒன்றும் கொடாதிருந்தால் அது ஒரு பொய்யாக உம்மீது பதியப்பட்டிருக்கும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். அபூதாவூதில் வரும் செய்தி இது. பேச்சு ஒரு பேரீச்சம்பழத்தைப் பற்றித்தான். அதற்கே கணக்கு உண்டென்றால், பிள்ளையின் உடலைப் பற்றி நாம் சொல்லும் பொய்க்கு?

நன்மைக்காகச் சொல்லும் பொய்க்கு இடமுண்டே என்று சிலர் கேட்கலாம். அப்படி இடமளித்த வள்ளுவரும் குற்றமற்ற நன்மை விளையவேண்டும் என்று நிபந்தனை வைத்தார். இங்கே விளைவது அதுவன்று. பிள்ளையைச் சமாளிக்கும் தொல்லை அன்றைக்கு நமக்குக் குறைகிறது, அவ்வளவே. அந்த நன்மையும் நம்முடையதேயன்றிப் பிள்ளையுடையதன்று.

உண்மை சொல்வதென்றால் அனைத்தையும் கொட்டுவதல்ல. நோய் திரும்புமா, மறுகண் தப்புமா என்னும் கவலைகளைப் பெரியவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்ளலாம். மூன்று வயதுப் பிள்ளைக்கு, “கொஞ்சம் வலிக்கும். பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும். உம்மா உன் கையைப் பிடித்திருப்பேன்” என்பது போதும். பிடித்திருப்பேன் என்றால் பிடித்திருக்கவேண்டும். மயக்கம் கொடுக்கும் அறைக்குள் விடமாட்டார்கள் என்றால், கதவுவரைதான் வருவேன் என்றே சொல்லிவிட வேண்டும்.

மயக்கத்துக்கு முன் 6 மணி நேரம் பாலும் உணவும் கூடாது. அழுகிறதே என்று இரக்கப்பட்டு மறைவாக ஒரு பிஸ்கட் கொடுத்துவிடுவார்கள் சிலர். மயக்கத்தில் வாந்தி வந்து அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. டாக்டரிடம் மறைப்பதும் பொய்தானே!

இன்னொரு பழக்கம் இதைவிடக் கொடியது. “சேட்டை செய்தால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்” என்று எத்தனை வீடுகளில் கேட்கிறோம்! அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, தன்னைப் படுக்கவைத்து ஊசி ஏற்றும்போது என்ன நினைக்கும்? தான் ஏதோ தவறு செய்துவிட்டதாகவே நினைக்கும். சொல்லத் தெரியாமல் மனத்துக்குள் வைத்துக்கொள்ளும். நீ எந்தத் தவறும் செய்யவில்லை, வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் உன்மேல் கோபமில்லை என்பதைக் கேளாமலே பலமுறை சொல்லவேண்டும். யார் செய்த பாவமோ என்று பிள்ளையின் காதுபடப் பேசும் உறவினரை, எவ்வளவு மூத்தவராயிருப்பினும், வாசலுக்கு அழைத்துச் சென்று நிறுத்தச் சொல்வதில் தவறில்லை.

கண்ணை எடுக்கும் நாள்தான் மிகக் கடினம். அன்றும் முன்கூட்டியே சொல்லவேண்டும்: கண்ணில் கெட்ட கட்டி இருக்கிறது, நீ தூங்கும்போது டாக்டர் அந்தக் கண்ணை எடுத்துவிடுவார், விழிக்கும்போது கட்டுப் போட்டிருக்கும். விழுந்த பல் மறுபடி முளைப்பதைப் பார்த்திருக்கும் பிள்ளை, “கண் திரும்ப முளைக்குமா, வாப்பா?” என்று கேட்கும். முளைக்காது என்றுதான் சொல்லவேண்டும். புண் ஆறிய பிறகு, சுமார் ஆறு வாரத்தில், மறுகண்ணின் நிறத்துக்கேற்பச் செயற்கைக் கண் செய்து பொருத்துவார்கள், அதற்குப் பார்வை இராது, நீ வளர வளர அதையும் மாற்றித் தருவார்கள் என்பதையும் சொல்லலாம். அப்போது வாப்பாவின் கண் கலங்கினால், துடைத்துவிட்டுத் தூசி விழுந்தது என்று சொல்லவேண்டியதில்லை.