வந்தவர் யார்?

மலேசியாவின் கெடாத் தோட்டங்களில் கிராணியாகவோ தமிழ்ப்பள்ளி ஆசிரியராகவோ பாதி ஆயுளைக் கழித்துவிட்டுப் போதகராக வருகிறவர் வெறுங்கையோடு வருவதில்லை. சனங்களின் முகங்களோடு வருகிறார். தோட்டத்துக் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அன்றைய கூலி போகும். நல்ல சபையில் ஒரு ஞாயிறு ஆள் இல்லையென்றால், திங்கட்கிழமை சாயங்காலம் போதகர் வீடு தேடி வந்து உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்.

வேறு வேலை அறிந்த ஊழியர்கள் முன்பும் உண்டு. பவுல் கூடாரத் தொழிலாளி. வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1909-இல் குருப்பட்டம் பெறுமுன் பல ஆண்டுகள் ஒய்.எம்.சி.ஏ. ஊழியர். 1910-இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் மிஷனரிகளின் தியாகத்தைப் போற்றிவிட்டு, அதற்கும் மேலாக அவர் கேட்டது நட்பை. எனக்கு அந்தப் பேச்சு இன்றும் பழையதாகவில்லை.

அந்த நட்பு இங்கேயும் வேண்டியிருக்கிறது. தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனங்கள் சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் குடிபெயர்ந்தார்கள். லயத்தில் பக்கத்து வீட்டு இருமல்கூடக் கேட்கும். பட்டணத்துத் தாமான் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்காரர் பெயரே தெரியாது. அங்கிருந்து முதல்முறை ஆலயத்துக்கு வந்து, கடைசி வரிசையில் தயங்கி உட்காருகிற அம்மாவுக்குப் பிரசங்கம் எல்லாம் பிறகுதான். முதலில் வேண்டியது, பாட்டுப் புத்தகத்தில் பக்கத்தை எடுத்து நீட்டுகிற ஒரு கை; ஆராதனை முடிந்ததும், “இருந்து சாப்பிட்டுப் போங்கம்மா” என்கிற ஒரு குரல்.