துணையும் தன்னுரிமையும்: உடற்பேறு குறைந்த பிள்ளைகள் பெரியவர்களாகும்போது

உடற்பேறு குறைந்த ஒரு பிள்ளைக்கு 18 வயது நிறையும்போது, அவரை இனி யார் பார்த்துக்கொள்வது என்ற கவலையோடு இன்னொரு கேள்வியும் வந்து நிற்கிறது: அவருடைய வாழ்க்கையைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவர் யார்? மலேசியச் சட்டத்தில் இதற்கு நேரான விடை உண்டு. 1971ஆம் ஆண்டின் வயதுவந்தோர் சட்டப்படி 18 வயதான எவரும் பெரியவர். 2019இல் நிறைவேறி 2021 டிசம்பர் 15 முதல் நடப்புக்கு வந்த அரசியலமைப்புத் திருத்தத்தால், 18 வயதான குடிமக்களின் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறுகிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ள இளைஞர், ஆட்டிசம் உள்ள இளம்பெண் ஆகியோரின் பெயரும் அப்படியே ஏறும். நாட்டை ஆள்வது யார் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு வந்துவிடுகிறது. ஆனால் ஏதோ ஓர் அலுவலகத்தில் உடற்பேறு குறைந்தோருக்கான ஓகேயூ அட்டையை நீட்டினால், “பேர் என்ன, என்ன செய்கிறார்?” என்ற கேள்வி பக்கத்தில் நிற்கும் அம்மாவிடம்தான் போகிறது. அட்டைக்குரியவர் அங்கேயே நின்றுகொண்டிருப்பார்.

இந்த முரண்பாடு சட்டத்துக்குள்ளும் இருக்கிறது. 2008ஆம் ஆண்டின் உடற்பேறு குறைந்தோர் சட்டம், குறைபாடு என்பது உடலிலோ மனத்திலோ உள்ள நிலை மட்டுமன்று, சுற்றியுள்ள தடைகளோடு அது மோதும்போது பிறப்பது என்று ஏற்றுக்கொள்கிறது. உடற்பேறு குறைந்தோர் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை மலேசியா 2010இல் உறுதிப்படுத்தியது. அதன் 12ஆம் பிரிவின்படி எல்லோரும் சட்டத்தின் முன் சமமான மனிதர்கள். 2014இல் அந்தப் பிரிவுக்கு விளக்கம் அளித்த ஐ.நா. குழு, ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் முடிவெடுக்கும் முறையை விட்டுவிட்டு, அவரே முடிவெடுக்கத் துணை தரும் முறைக்கு நாடுகள் மாற வேண்டும் என்றது. பெரு நாடு 2018இல் தன் சட்டத்தை அவ்வாறே பெருமளவு மாற்றியது. மலேசியாவின் 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டம் பழைய வழியில் நிற்கிறது. மனவளர்ச்சி முழுமையடையாத ஒருவரால் தன் காரியங்களைக் கவனிக்க முடியவில்லை என்று நீதிமன்றம் விசாரித்து முடிவுசெய்தால், அவருக்காகவும் அவர் சொத்துக்காகவும் வேறொருவரை நியமிக்கலாம். பெரும்பாலான குடும்பங்கள் நீதிமன்றம் வரை போவதில்லை. வழக்கம்போல அப்பாவும் அம்மாவும் முடிவெடுப்பார்கள். அவர்களுக்குப் பின் அண்ணனோ அக்காவோ முடிவெடுப்பார்கள்.

ஒருவரைப் பெரியவர் ஆக்குவது எது என்பதைச் சட்டம் வயதைக் கொண்டு தீர்த்துவிடுகிறது. சமயங்களும் தத்துவமும் அவ்வளவு எளிதாகத் தீர்ப்பதில்லை.

மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள தமிழ்க் குடும்பங்களில் இன்றும் காதில் விழும் முதல் விளக்கம் வினைப்பயன்: “போன ஜென்மத்துப் பாவம்.” பிள்ளை சிறியவராக இருக்கையில் இந்தப் பழி பெற்றோர் தலையில், குறிப்பாகத் தாயின் தலையில் ஏற்றப்படும். பிள்ளை வளர்ந்ததும் பழி பிள்ளைக்கே மாறும். வினைக் கொள்கையைக் கண்டிப்பாகப் பார்த்தால் இதில் பெரிய பிழை இருக்கிறது. தான் செய்த வினையைத் தானே அனுபவிப்பது என்பதுதான் அந்தக் கொள்கை. ஒருவர் வினையை இன்னொருவர் உடம்பில் கட்டிவைக்க அதில் இடமில்லை. அதைவிட முக்கியமானது, எந்த உயிரின் எந்த வினை எந்த உடம்பாய் வந்தது என்று கணக்கெழுதும் அதிகாரம் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடையாது என்பது. சைவ சித்தாந்தத்தில் உடம்பு தண்டனைக் கூடமாக மட்டும் பேசப்படவில்லை. தனு, கரணம், புவனம், போகம் என்ற நான்கும், அதாவது உடம்பும் மனம் முதலிய கருவிகளும் உலகும் நுகர்ச்சியும், உயிரை மறைக்கும் ஆணவ மலம் தேய்ந்து அது பக்குவப்படுவதற்காக இறைவன் தரும் உதவிகள். நடக்கும் உடம்பும் நடக்காத உடம்பும், வேகமாகக் கணக்குப் போடும் மனமும் மெதுவாகப் போடும் மனமும் இந்த வகையில் ஒன்றே. பக்குவம் உயிருக்குரியது, அறிவுத்திறன் சோதனையின் மதிப்பெண்ணுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தில் நிறுவிய அறிவுக் கொள்கை இந்தக் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. உயிர் அறிவுடையதுதான், ஆனால் தானாகத் தனித்து அறிவதில்லை. ஒளி இருந்தால் கண் காண்கிறது. உயிர் கூட நின்றால்தான் அந்தக் கண்ணுக்கும் காட்சி உண்டு. அதுபோல உயிர் அறிவதற்கும் இறைவன் காட்டியும் கூட நின்று கண்டும் துணை செய்கிறான். காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று இதைச் சைவர்கள் சொல்வார்கள். இப்படிப் பார்த்தால் துணையில்லாமல் முடிவெடுக்கும் மனிதர் என்று ஒருவருமே இல்லை. பல்கலைக்கழகப் பேராசிரியருக்கும் துணை வேண்டும். உடற்பேறு குறைந்தவர் துணை கேட்கும்போதுதான் அது கண்ணில் படுகிறது. தன் பகுத்தறிவால் தனக்கே விதி வகுத்துக்கொள்பவரே முழு மனிதர் என்று கான்ட் வழியாக வந்த ஐரோப்பியச் சிந்தனையில், அறிவு வளர்ச்சி குன்றியவருக்கு இடம் கண்டுபிடிப்பது பெரும்பாடாக இருந்தது. 1999இல் தத்துவவாதிகளான அலஸ்டேர் மெக்கின்டயரும், கடுமையான குறைபாடுள்ள மகளை வளர்த்த ஈவா கிட்டேயும் தனித்தனி நூல்களில் சார்ந்திருத்தலை மனித வாழ்வின் நடுவில் வைத்து எழுதியபோது அந்த மரபு தன்னைத் திருத்திக்கொள்ளத் தொடங்கியது. சித்தாந்தமோ சார்ந்திருத்தலிலிருந்துதான் புறப்படுகிறது.

ஆனால் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. துணை செய்யும் பெற்றோர் தங்களை இறைவன் இடத்தில் வைத்துக்கொள்ளக்கூடும். சித்தாந்தத்தில் இறைவன் காட்டினாலும் காண்கிற உயிர் உயிராகவே நிற்கிறது. அதன் அறிதலை யாரும் பிடுங்கிக்கொள்வதில்லை. துணைக்கு அளவுகோல் அதுவே: முடிவில் காண்பவர் யார்?

பெரியபுராணத்தில் தண்டியடிகள் நாயனார் வரலாறு இதைக் கண்ணெதிரே காட்டுகிறது. திருவாரூரைச் சேர்ந்த அவர் பிறவியிலேயே கண்ணில்லாதவர். கோயிலின் மேற்கே உள்ள கமலாலயக் குளம் குறுகிப்போனதை அறிந்து அதைத் தோண்டிப் பெரிதாக்க நினைத்தார். குளத்துக்குள் ஒரு கம்பு நட்டார். கரையில் ஒரு கம்பு நட்டார். இரண்டுக்கும் இடையே கயிறு கட்டினார். மண்ணை வெட்டிக் கூடையில் நிரப்பி, கயிற்றைத் தடவிக்கொண்டே கரையேறிக் கொட்டிவிட்டு, அதே கயிற்றைப் பிடித்து இறங்கி வந்தார். ஏளனம் செய்தவர்களோடு நடந்த வழக்கும், கடைசியில் அவருக்குக் கண் கிடைத்த அற்புதமும்தான் கதையில் எல்லோருக்கும் நினைவிருப்பவை. சேக்கிழார் அந்தக் கயிற்றையும் விடாமல் எழுதியிருக்கிறார் என்பது பெரிய விஷயம். பார்வை வருவதற்கு முன்பே அவர் வேலையைத் தொடங்கிவிட்டார். என்ன வேலை என்று தீர்மானித்தவரும் அவர். எந்தக் கருவி தேவை என்று தீர்மானித்தவரும் அவர். குணமாகும் வரை காத்திரு என்று அவரிடம் யாரும் சொல்ல அவர் இடம் கொடுக்கவில்லை.

இஸ்லாத்தில் பெரியவராகும் கட்டம் சட்டமாகவே வகுக்கப்பட்டிருக்கிறது. பருவமடைவது ஒன்று, தன் பொருளைக் கையாளும் பக்குவம் இன்னொன்று. அநாதைப் பிள்ளைகள் அந்தப் பருவம் எட்டும்வரை அவர்களைச் சோதித்துப் பார்த்து, பக்குவம் தெரிந்தால் சொத்தை ஒப்படைக்கும்படி குர்ஆனின் நான்காம் அத்தியாயம் சொல்கிறது. சோதிப்பது என்றால், சின்னச் சின்னதாகப் பணத்தைக் கையில் கொடுத்து நடத்தவிட்டுப் பார்ப்பது என்று சட்ட அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். பழக்கிப் பார்க்காமலே பக்குவமில்லை என்று தீர்ப்புச் சொல்ல இதில் வழியில்லை. பொருளைக் கையாள முடியாதவருக்கும் உணவும் உடையும் தந்து, அவரிடம் நல்ல வார்த்தை பேச வேண்டும் என்பதும் அதே இடத்தில் வருகிறது. கண்பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் தொழுகைக்கு அழைப்பு விடுப்பவராகவும், நபிகள் நாயகம் வெளியூர் சென்றபோது மதீனாவின் பொறுப்பாளராகவும் இருந்தார். கிறிஸ்தவர்களுக்கு யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரம் உண்டு: பிறவிக் குருடரைக் காட்டி யார் செய்த பாவம் என்று கேட்ட சீடர்களுக்கு, இவனும் இல்லை, பெற்றோரும் இல்லை என்று பதில் வருகிறது. ஆங்கிலிக்கன் திருச்சபை 1926இல் மலாக்காவில் தொடங்கி 1931இல் பினாங்குக்கு வந்த செயின்ட் நிக்கலஸ் இல்லம், பார்வையற்றோர் பணியில் இன்றும் நிலைத்திருக்கிறது.

பினாங்கில் பெரியவராவதற்கு நடைமுறையில் என்ன வழி இருந்தது என்று பார்த்தால், மிகவும் சிந்திக்க வைப்பது தஞ்சோங் பூங்காவில் உள்ள, 1954இல் தொடங்கிய காது கேளாதோர் பள்ளி. அங்கே வகுப்பில் வாய்ப்பேச்சையும் உதட்டசைவையும் கற்பித்தார்கள். பிள்ளைகளோ வகுப்புக்கு வெளியே தங்களுக்குள் கைகளால் பேசி, பினாங்கு சைகைமொழி என்று பின்னர் பெயர் பெற்ற ஒரு மொழியையே வளர்த்துக்கொண்டார்கள். பெரியவர்கள் கொடுத்த மொழி அவர்களுக்குப் போதவில்லை. போதுமானதைத் தாங்களே உண்டாக்கினார்கள். நல்ல நோக்கத்தோடு வகுக்கப்பட்ட திட்டங்கள் கூட யாருக்காக வகுக்கப்பட்டனவோ அவர்களைக் கேட்காமல் போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்தத் தீவில் இல்லை.

பாலிக் புலாவில் ஏசியா கம்யூனிட்டி சர்வீஸ் நடத்தும் ஸ்டெப்பிங் ஸ்டோன் வேலைமையத்தில், கற்றல் குறைபாடுள்ள பெரியவர்கள் சவோரி தறியில் நெய்கிறார்கள். சவோரி, ஒசாக்காவைச் சேர்ந்த மிசாவோ ஜோ 1960களின் கடைசியில் தொடங்கிய நெசவு முறை. அவர் நெய்த துணியில் ஒரு பாவு நூல் விட்டுப்போயிருந்தது. பழுது என்றார் ஒரு நெசவாலைக்காரர். அந்த இடைவெளி அழகாக இருக்கிறது என்று ஜோ வேண்டுமென்றே இன்னும் சில நூல்களை எடுத்துவிட்டு நெய்தார். சவோரியில் வரைந்து வைத்த மாதிரியைப் பார்த்து நெய்வதில்லை. எந்த நிற நூல், எவ்வளவு தூரம், எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் தறியில் உட்கார்ந்திருப்பவர் கையில். நாள் முழுவதும் ‘இதைச் செய், அதைத் தொடாதே’ என்று கேட்டே வளர்ந்த ஒருவருக்கு, ஒரு மணி நேரத்தில் இத்தனை முடிவுகளை எடுக்கக் கிடைப்பது சாதாரணமானதன்று. முடிவெடுக்கும் திறன் வந்த பிறகு உரிமை தரலாம் என்று காத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது: உரிமை கிடைத்த இடத்தில்தான் திறன் வளர்கிறது.

ஆனால் தனி மையம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அங்கேயே ஆயுள் முழுக்க இருந்துவிடுவது முதிர்ந்த வாழ்க்கைக்கு ஈடாகாது. அரசுப் பணியில் ஒரு விழுக்காட்டை உடற்பேறு குறைந்தோருக்கு ஒதுக்கும் கொள்கை 1988 முதல் ஏட்டில் இருக்கிறது. 2005இல் ஜப்பானின் ஜைக்கா அமைப்போடு சமூகநல இலாகா தொடங்கிய ஒத்துழைப்பின் வழியே, வேலையிடத்துக்கே கூடப் போய்ப் பழக்கிவிட்டுப் படிப்படியாக விலகிக்கொள்ளும் வேலைப் பயிற்றுநர் முறை மலேசியாவுக்கு வந்தது. விலகிக்கொள்வதுதான் அதில் கடினமான பகுதி. அதற்கு முன் வேலைக்குப் போய்ச் சேர வேண்டும். ஜார்ஜ் டவுன் கடைவீடுகளின் முன்னுள்ள அஞ்சடி நடைபாதையில் ஒரு வாசலுக்கும் அடுத்த வாசலுக்கும் தரைமட்டம் ஒன்றாயிராது. இடையில் படி, அதன்மேல் நிறுத்திய மோட்டார் சைக்கிள், கடைச் சாமான். சக்கர நாற்காலியில் வருபவர் வெயிலில் சாலைக்கு இறங்கிக் கார்களோடு போக வேண்டியதுதான்.

வீட்டுக்குள் பேசப்படாத ஒன்று உண்டு. பெண் பிள்ளை வயதுக்கு வந்தால் மஞ்சள் நீராட்டு வைத்து ஊருக்குச் சொல்வது தமிழர் வழக்கம். மனவளர்ச்சி குன்றிய பெண்ணுக்கு அதே நாள் வரும்போது பல வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமில்லாமல் முடித்துவிடுகிறார்கள். உடம்பு அறிவித்துவிட்டதைக் குடும்பம் அறிவிக்க மறுக்கிறது. காரணம் வெட்கம் மட்டுமில்லை, பயமும் உண்டு. அந்தப் பயத்துக்கு நியாயமும் உண்டு. இவர்களை ஏமாற்றிச் சீரழிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தன் உடம்பைப் பற்றி எதுவுமே சொல்லித் தரப்படாதவர், தனக்கு நடந்தது தவறு என்று சொல்ல வார்த்தையில்லாமல் நிற்பார். அன்போடு சொல்லப்படும் ‘தெய்வக் குழந்தை’ என்ற பேச்சும் இதே மறுப்பைத்தான் செய்கிறது. 25 வயதானவரைக் குழந்தை என்றே அழைத்துக்கொண்டிருந்தால் அவருடைய ஆசை, கோபம், காதல் எதற்கும் வீட்டில் இடமில்லாமல் போகிறது. 1972இல் ராபர்ட் பெர்ஸ்கி என்ற அமெரிக்கர், சாதாரண ஆபத்துகளைச் சந்திக்கும் வாய்ப்பும் மனித மாண்பின் பகுதி என்று எழுதினார். தனியாகப் பேருந்து ஏறித் தவறான நிறுத்தத்தில் இறங்குவது, கையில் இருந்த பத்து வெள்ளியை வேண்டாத பொருளுக்குச் செலவழிப்பது எல்லோரும் இளமையில் செய்ததுதான்.

வேண்டுதலிலும் இதே நிலை. தைப்பூசத்தில் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடமோ காவடியோ எடுப்பவர்களில், பிள்ளையின் குறை தீர நேர்ந்துகொண்ட பெற்றோர் உண்டு. 500க்கு மேற்பட்ட படிகளை அவர்கள் பிள்ளைக்காக ஏறுகிறார்கள். பிள்ளை ஐந்து வயதாக இருந்தபோது அது முழுமையான அன்பு. இருபது வயதில் அவருக்கே ஒரு வேண்டுதல் இருக்கக்கூடும். அது தன் குறை தீர வேண்டும் என்பதாக இருக்க வேண்டியதில்லை. ஒரு வேலை கிடைக்க வேண்டும் என்றிருக்கலாம். அம்மாவின் முழங்கால் வலி தீர வேண்டும் என்றும் இருக்கலாம். முருகனிடம் சொல்ல அவருக்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர் குறைவு.

இத்தனைக்கும் அடியில் பெற்றோரின் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: “எங்களுக்குப் பிறகு?” உயில், அறக்கட்டளை, மற்றப் பிள்ளைகளிடம் வாங்கும் சத்தியம் எல்லாம் இதற்கான ஏற்பாடுகள். சத்தியம் வாங்குவது எளிது; கொடுத்தவர் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலைக்குப் போய்விட்டால் அது பாரமாகும். ஒரே ஆளிடம் முழுப் பொறுப்பையும் வைக்காமல், பணத்தைப் பார்க்க ஒருவர், மருத்துவத்துக்கு ஒருவர், வாரம் ஒருமுறை வந்து பேசிப்போக ஒருவர் என்று சிலரைச் சேர்த்து, அந்த இளைஞருக்குப் பிடித்தவை, பிடிக்காதவை, அவர் வேண்டாம் என்பதை எப்படிக் காட்டுவார் என்பதையெல்லாம் பெற்றோர் நன்றாக இருக்கும்போதே எழுதிவைக்கும் குடும்பங்கள் பல நாடுகளில் உள்ளன. அந்தப் பேச்சு நடக்கும் அறையில் அந்த இளைஞரும் உட்கார்ந்திருக்க வேண்டும். அக்கா வீட்டில் இருக்க விருப்பமா, நண்பர்களோடு ஒரு வீட்டில் இருக்க விருப்பமா என்று அவரிடமே கேட்க வேண்டும். பேச்சில்லாதவரானால் இரண்டு இடத்திலும் சில நாள் தங்கவைத்து, எங்கே நன்றாகச் சாப்பிடுகிறார், எங்கே நன்றாகத் தூங்குகிறார் என்று பார்க்கலாம். அதுவும் அவர் சொல்லும் பதில்தான்.